6500 என்று ஒட்டியிருந்த ஜெனரேட்டர்: ஒரு திருவிழா இரவின் வொட் கணக்கு

இலங்கை மலையகத்தில், உடப்புசல்லாவைப் பக்கம் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், போன வருஷம் பங்குனித் திருவிழா இரவு, கரகம் கோவில் வாசலுக்கு வந்து சேர்ந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் நின்றது. இருபது நிமிடம் இருட்டு. தப்பு மேளம் அடிப்பவர்கள் மட்டும் நிறுத்தவில்லை; அவர்களுக்குக் கரண்ட் தேவையில்லையே. மறுநாள் காலை, சவுண்ட் செட் கொண்டுவந்த அண்ணனுக்குக் கொடுக்க வேண்டிய மீதிப் பணத்தைக் கோவில் கொமிட்டி நிறுத்திவைத்தது. "உன் செட்டுதான் கரண்ட்ட குடிச்சிருச்சு" என்பது குற்றச்சாட்டு.

நான் வேறொரு தோட்டத்தின் ஸ்டோரில் எலெக்ட்ரீசியனாக இருக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையை மலையகத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். திருவிழாவுக்கு லீவு போட்டு வந்தவன், அந்தச் சண்டைக்குள் இழுக்கப்பட்டேன். ஜெனரேட்டரைத் திருப்பி ஏற்ற லொறி மத்தியானம்தான் வரும் என்றார்கள். கையில் வயரைக் கவ்வி அம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டரும், பிளக்கில் மாட்டுகிற சின்ன வொட் மீட்டர் ஒன்றும் இருந்தன. அளந்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அந்தக் காலையில் அளந்ததையும் அதற்கு முந்தைய இரவு நடந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

இரவில் நடந்தது

கோவில் இருப்பது தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களுக்கு மேலே ஒரு மேட்டில். கோவிலுக்கென்று மின் இணைப்பு உண்டு, ஆனால் லைனின் கடைசியில் இருப்பதால் மாலையானால் வோல்ட் இறங்கிப்போகும். இரண்டு பல்பும் மைக்கும் தாங்கும், திருவிழா தாங்காது. அதனால் ஒவ்வொரு வருஷமும் டவுனிலிருந்து ஜெனரேட்டர் வாடகைக்கு வரும்.

கொமிட்டி போட்ட கணக்கு கோவில் ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பென்சிலில் இருக்கிறது. செட் 5000. லைட் 1000. மொத்தம் 6000. ஜெனரேட்டர் 6500. பக்கத்தில் ஒரு டிக்.

மாலை ஆறரைக்கு ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணினார்கள். டியூப் லைட்டுகள், சீரியல் பல்புகள், வாசலில் எல்.ஈ.டி. விளக்குகள், சவுண்ட் எல்லாம் ஓடின. எட்டு மணிபோல அன்னதானக் கொட்டகையில் தேத்தண்ணி போடும் எலெக்ட்ரிக் பொயிலரைச் செருகினார்கள். அப்போதே இன்ஜின் சத்தம் மாறியது, நானே கேட்டேன். ஆனால் திருவிழாவில் யார் இன்ஜின் சத்தத்தைக் கவனிப்பது? நானும் கவனிக்காததுபோல இருந்துவிட்டேன்.

ஒன்பது நாற்பதுக்குக் கொட்டகையில் தண்ணீர் தீர்ந்தது. கீழே, தண்ணீர் பிடிக்கும் இடமான பீலிக்கரையில் கொமிட்டி வாங்கிப் பூட்டியிருந்த ஒரு குதிரைசக்தி மோட்டரின் சுவிட்சை ஒரு தம்பி போட்டான். லைட் எல்லாம் சிவந்தது, பாட்டு இழுத்தது, இன்ஜின் திணறியது, பிறகு ட்ரிப் ஆகி எல்லாம் போச்சு.

அடுத்து நடந்ததுதான் இந்த விசயத்தின் முடிச்சு. கொமிட்டித் தலைவர் ஓடிவந்து, "மொதல்ல அந்தச் செட்ட நிப்பாட்டு" என்று கத்தினார். அண்ணன் அம்ப்ளிஃபையர்களை அணைத்தார். ஜெனரேட்டரை மறுபடி ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, மோட்டரையும் போட்டார்கள். மோட்டர் சுற்றியது. தண்ணீர் ஏறியது. செட்டை நிறுத்தியதும் எல்லாம் சரியாகிவிட்டது, ஆகவே செட்தான் காரணம். நானூறு பேர் கண்ணால் பார்த்த சாட்சி.

ஆனால் காலையில் கொட்டகையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அத்தையிடம் சும்மா பேச்சுக் கொடுத்தபோது அவர் சொன்னார்: "லைட்டு போனதும் எனக்குப் பயமாயிருச்சுப்பா. அந்தத் தண்ணிப் பொயிலரு பிளக்க அப்பவே புடுங்கிட்டேன்."

இரண்டு பேர் இரண்டு இடத்தில் இரண்டு சுமையைக் கழற்றியிருக்கிறார்கள். ஒன்றை எல்லோரும் பார்த்தார்கள். மற்றதை ஒருவரும் பார்க்கவில்லை.

வொட் என்றால் என்ன என்று தலைவர் கேட்டார்

"சரி தம்பி, மொதல்ல இந்த வொட்டுன்னா என்னான்னு சொல்லு" என்றார் தலைவர். நாற்பது வருஷம் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அவரிடம் தேயிலைக் கொழுந்தை வைத்துத்தான் பேச முடியும்.

மலையில் நிற்கும் பெண் மணிக்கு எத்தனை கிலோ என்ற வேகத்தில் கொழுந்து எடுக்கிறாரோ, அது வொட். மாலையில் தராசு காட்டுவது யூனிட். கையின் வேகம் வேறு, கூடையின் எடை வேறு. வேகம் கூடலாம், குறையலாம், மழை பெய்தால் நின்றும்போகலாம். தராசில் நிற்பது அத்தனையும் சேர்ந்தது. 1,000 வொட் வேகத்தில் ஒரு மணிநேரம் ஓடினால் ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவொட் மணி. மின்சார பில்லில் காசு கேட்பது அதற்குத்தான். ஜெனரேட்டர் திணறுவது யூனிட்டால் அல்ல, அந்த நொடியில் கேட்கப்படும் வொட்டால்.

"மணிக்கு இத்தனை வொட்" என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒன்று இல்லை. வொட்டுக்குள்ளேயே நேரம் இருக்கிறது: ஒரு விநாடிக்கு ஒரு ஜூல். 100 கிராம் தேயிலைப் பக்கற் ஒன்றைக் கையில் எடுத்து ஒரு விநாடியில் ஒரு மீற்றர் தூக்கினால் நீங்கள் வேலை செய்த வேகம் ஏறத்தாழ ஒரு வொட். அவ்வளவு சின்னது. யூனிட்டோ பெரியது: 36 இலட்சம் ஜூல். 20 கிலோ கொழுந்தை ஒரு கிலோமீற்றர் நேர் உயரத்துக்கு 18 தடவை தூக்கிப்போகிற வேலை. ஒரு யூனிட்டின் விலையையும் ஒரு நாள் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, வாசிப்பவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தலைவர் நல்ல கேள்வி ஒன்று கேட்டார். "அப்ப 5000 வொட்டு செட்டுன்னா அவ்வளவு வேகமா இழுக்குதுன்னு தானே அர்த்தம்?"

இல்லை. மனேஜரான தோட்டத்துரை வந்து பக்கத்தில் நிற்கும் பத்து நிமிடம் எல்லோருடைய கையும் பறக்கும். அந்தப் பத்து நிமிட வேகத்தை வைத்து நாள் முழுவதுக்கும் கணக்குப் போட முடியுமா? ஸ்பீக்கர் பெட்டியில் எழுதியிருக்கும் எண் அந்தப் பத்து நிமிடக் கணக்குத்தான். பல நேரம் அதுவும் இல்லை. ஒரு கணம் வெடித்துவரும் சத்தத்தை அந்தப் பெட்டி கிழியாமல் தாங்குமா என்பதற்கான எண் அது. பாட்டு ஒரே சீராக ஓடுவதில்லை. மேளம் அடிக்கும்போது எகிறும், பாடகர் மூச்சு வாங்கும்போது விழும். சராசரியாகப் பார்த்தால் சுவரிலிருந்து செட் இழுப்பது அந்தப் பெரிய எண்ணின் சின்னத் துண்டு.

அளந்தது

அண்ணனை முந்தின இரவு போட்ட அதே பாட்டை அதே சத்தத்தில் போடச் சொன்னேன். காலை எட்டு மணிக்கு. திருவிழா இன்னும் முடியவில்லை என்று கீழ் டிவிசனில் நினைத்திருப்பார்கள்.

செட்டின் வயரில் கிளாம்ப் மீட்டர் சராசரியாக 4.5 அம்பியர் காட்டியது. 230 வோல்ட்டால் பெருக்கினால் 1,035. ஆனால் வொட் மீட்டர் 720 தான் காட்டியது. 5000 என்று எழுதிய செட், 720 வொட். தலைவர் மீட்டரைத் தட்டிப் பார்த்தார், பழுதோ என்று.

1,035க்கும் 720க்கும் இருப்பதுபோன்ற வித்தியாசத்தை டியூப் லைட்டில்தான் தெளிவாகக் காட்ட முடிந்தது. மூங்கிலில் கட்டிக் கொண்டுவந்த பழைய காலத்து 4 அடி டியூப்கள், இரும்புச் சோக் சுருள் வைத்தவை, மொத்தம் 16. ஒவ்வொன்றும் சோக்கில் வீணாவதையும் சேர்த்து 48 வொட் எடுத்தது. ஆக 770 வொட் சொச்சம். ஆனால் 0.43 அம்பியர் வீதம் 16 டியூபுக்கு 6.9 அம்பியர், அதாவது கிட்டத்தட்ட 1,580 வோல்ட் அம்பியர். வேலையைவிட இரண்டு மடங்கு போக்குவரத்து. சோக் ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்சம் சக்தியை வாங்கித் தன் காந்தத்தில் வைத்திருந்து அப்படியே திருப்பி அனுப்புகிறது. பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் நுவரெலியா வரைக்கும் போய் இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வருகிறவனைப்போல: கண்டக்டர் பையில் காசு விழவில்லை, ஆனால் சீட் போச்சு. வொட் என்பது டிக்கெட் காசு. வோல்ட் அம்பியர் என்பது நிரம்பிய சீட். ஜெனரேட்டரின் இன்ஜினுக்கு வொட் முக்கியம், அதன் சுருளுக்கும் வயருக்கும் அம்பியர் முக்கியம். கே.வி.ஏ. (ஆயிரம் வோல்ட் அம்பியர்) என்றும் கிலோவொட் என்றும் இரண்டு விதமாக எழுதுவது இதனால்தான். இரண்டும் ஒன்று என்று நினைத்து வாங்கினால் ஏமாறுவோம்.

சீரியல் பல்புகள் 250 வொட், எல்.ஈ.டி. விளக்குகள் நான்கும் 200 வொட். பொயிலர் 2,000 வொட். அது வெறும் கம்பிச் சூடு, கபடம் கிடையாது, எழுதியதையே எடுத்தது.

இப்படிக் கூட்டினால் முந்தின மாலை ஆறரைக்கு ஓடியது 1,940 வொட். எட்டு மணிக்குப் பொயிலரும் சேர்ந்தபோது 3,940. தனித்தனி அம்பியர்களைக் கூட்டினால் 22 வரும். பிரதான வயரில் அளந்தால் 18.5 தான். ஒவ்வொன்றின் அம்பியரும் ஒரே தாளத்தில் ஏறி இறங்குவதில்லை, அதனால் நேராகக் கூட்ட முடியாது. வொட்டைக் கூட்டலாம், அம்பியரை இப்படிக் கூட்டினால் மிகையாக வரும். ஸ்டோரில் புதிதாகச் சேர்கிற பையன்கள் வருஷா வருஷம் தவறுகிற இடம் இது.

கொமிட்டிக் கணக்கில் 6000, உண்மையில் 3,940. அப்படியானால் ஜெனரேட்டருக்கு இன்னும் 2,500 மிச்சம் இருந்திருக்க வேண்டுமே?

6500 எங்கே போனது

மஞ்சள் ஸ்டிக்கரில் உள்ளங்கை அகலத்தில் 6500 என்று இருந்தது. பக்கத்தில் வொட் என்றோ வேறெதோ ஒன்றும் இல்லை. அது மொடல் நம்பர். டேங்கின் பின்பக்கம், எண்ணெய்க் கறைக்குக் கீழே இருந்த தகரப் பட்டையைப் பெற்றோல் தொட்டுத் துடைத்தபோது உண்மை தெரிந்தது: உச்சம் 5.5 கிலோவொட், தொடர்ந்து ஓடுவதற்கு 5.0 கிலோவொட். சந்தையில் இருக்கும் சின்ன ஜெனரேட்டர்கள் நிறைய இப்படித்தான். பெயரிலேயே எண்ணைக் கொஞ்சம் தூக்கி வைத்திருப்பார்கள்.

அந்த 5.0ம் கடல் மட்டத்துக் கணக்கு.

இதை ஜெனரேட்டர் முதலாளிக்கு ஃபோனில் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. "போன மாசம் கீழ கண்டியில கல்யாணத்துக்குக் குடுத்தேன். ஒரு சொல்லு கேக்கலயே தம்பி." உண்மையாகவே இருக்கும். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரம். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர். எங்கள் கோவில் மேடு அதைவிடக் கொஞ்சம் கீழே, சுமார் 1,800. மேலே போகப்போகக் காற்று மெலிகிறது. இன்ஜின் ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் ஒரே அளவு காற்றைத்தான் இழுக்கிறது, ஆனால் அந்த அளவுக்குள் ஒட்சிசன் குறைவு. ஒட்சிசன் குறைந்தால் எரிகிற பெற்றோல் குறைவு, கிடைக்கிற வொட் குறைவு. சிறிய பெற்றோல் ஜெனரேட்டர்களின் கையேடுகளில் 300 மீற்றருக்குச் சுமார் 3.5 சதவீதம் குறையும் என்று போட்டிருப்பார்கள். 1,800 மீற்றரில் ஆறு படி, 21 சதவீதம். 5.0 என்பது 3.95 ஆகிறது. உச்சம் 5.5 என்பது 4.35.

கண்டியில் அதே இயந்திரம் 4.7 கிலோவொட் கொடுத்திருக்கும். முதலாளி பொய் சொல்லவில்லை. மேலே ஏறி வந்த வளைவுகளில் முக்கால் கிலோவொட் சிந்திவிட்டது.

கார்புரேட்டரும் கீழ்நாட்டுக்கு வைத்தபடியே இருந்தது. காற்றுக் குறைந்த இடத்தில் அதே அளவு பெற்றோலை அது ஊற்றிக்கொண்டிருந்தது. இன்ஜினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், கரி அப்பியிருந்தது. அதற்கு இன்னும் கொஞ்சம் வொட் போயிருக்கும்.

ஆக எட்டு மணிக்குப் பொயிலரைச் செருகியபோது 3,950 தரக்கூடிய இயந்திரத்திடம் 3,940 கேட்டிருக்கிறோம். இன்ஜின் சத்தம் மாறியது அதனால்தான். நான் எழுந்து போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

இதே தவறு பேப்பரில் மெகாவொட் (பத்து இலட்சம் வொட்) செய்தி வாசிக்கும்போதும் நடக்கிறது. தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 150 மெகாவொட், விக்டோரியா நீர்மின் நிலையம் 210 மெகாவொட் என்று வாசிக்கிறோம். அவை இயந்திரம் முழுவீச்சில் சுற்றும்போது தரக்கூடியது; தகரப் பட்டையில் இருக்கும் எண். மாசி, பங்குனியில் ஆறு மெலிந்து பாறை தெரிகிற நாட்களில் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு "இவ்வளவு இருந்தும் ஏன் கரண்ட்டை வெட்டுகிறார்கள்" என்று கேட்பது, ஸ்டிக்கரைப் பார்த்து 6500 என்று எழுதியதற்குச் சமம். எத்தனை மெகாவொட் என்பதோடு எத்தனை மணிநேரத்துக்குத் தண்ணீர் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

அந்தக் குதிரை

இனி மோட்டர். அதன் பட்டையில் 1 குதிரைசக்தி, 0.75 கிலோவொட் என்று இருந்தது. கொமிட்டிக் கணக்கில் மோட்டரே இல்லை. "கொஞ்ச நேரந்தானே ஓடும்" என்று விட்டுவிட்டார்கள். எழுதியிருந்தாலும் 750 என்றுதான் எழுதியிருப்பார்கள், அதுவும் பிழையாக இருந்திருக்கும்.

குதிரைசக்தி என்ற கணக்கே வியாபாரத்தில் பிறந்தது. ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் வொட், 1736இல் பிறந்து 1819இல் இறந்தவர், நீராவி இன்ஜின் விற்றார். வாங்க வருகிறவர்கள் அதுவரை குதிரை கட்டி வேலை வாங்கியவர்கள். "இது எத்தனை குதிரைக்குச் சமம்?" என்பதுதான் அவர்களுக்குப் புரிகிற கேள்வி. நிமிடத்துக்கு 33,000 இறாத்தல் எடையை ஓர் அடி தூக்குவது ஒரு குதிரை என்று வொட் கணக்கு வைத்தார். இன்றைய அளவில் அது 746 வொட். சாதாரணக் குதிரை நாள் முழுவதும் அவ்வளவு இழுக்காது என்பார்கள். ஆக அந்த ஸ்டிக்கரும் கொஞ்சம் தாராளமாக எழுதப்பட்டதுதான். வொட் மின்சாரத்தில் வேலை செய்தவர் அல்லர். அவர் இறந்து அறுபது வருஷத்துக்கும் மேலாகி, 1882இல், வில்லியம் சீமென்ஸ் என்ற பொறியியலாளர்தான் இந்த அலகுக்கு அவருடைய பெயரை வைக்கலாம் என்று முன்மொழிந்தார். நாடுகளுக்கிடையிலான அலகு முறைக்குள் அது 1960இல் வந்தது.

மோட்டர் பட்டையில் இருக்கும் 0.75 கிலோவொட், அச்சு வெளியே கொடுக்கிற சக்தி. உள்ளே வாங்குவது அதைவிட அதிகம்: ஓடும்போது அளந்தால் 1,080 வொட். பொயிலரில் எழுதியிருப்பது உள்ளே போகும் வொட், மோட்டரில் எழுதியிருப்பது வெளியே வரும் வொட். ஒரே சொல், இரண்டு பக்கம்.

அதுகூடப் பரவாயில்லை. புறப்படும் கணம்தான் ஆபத்து. நின்றுகொண்டிருக்கும் மோட்டரை அசைக்க, ஓடும்போது எடுப்பதைப்போல நாலைந்து மடங்கு அம்பியர் தேவைப்படும். கோவிலிலிருந்து பீலிக்கரைக்கு 60 மீற்றர், ஒன்றரை மில்லிமீற்றர் வயர். அதன் தடையே புறப்படும்போது முப்பது நாற்பது வோல்ட்டைத் தின்றுவிடும். அப்படியும் கிளாம்ப் மீட்டர் உச்சமாக 25 அம்பியர் பிடித்தது. அதில் வேலை செய்கிற பங்கு சுமார் 3,500 வொட். ஒரு விநாடிக்கு, அதிகம் போனால் இரண்டு விநாடிக்கு.

நாலு சோதனை

முதலில் இரவில் இருந்தபடியே எல்லாவற்றையும் போட்டு, பொயிலரிலும் தண்ணீர் நிரப்பி, மோட்டர் சுவிட்சைப் போட்டோம். அதே காட்சி. இன்ஜின் குரல் அடங்கியது, லைட் சிவந்தது, கீழே மோட்டர் சுற்றாமல் ம்ம்ம் என்று முனகியது, ட்ரிப். வோல்ட் இறங்கினால் மோட்டரைச் சுற்றவைக்கும் முறுக்கு விசை வோல்ட்டின் வர்க்கத்தில் இறங்கும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 150 இருந்தால் முறுக்கு பாதிக்கும் கீழே. சுற்ற முடியாத மோட்டர் புறப்படும் அம்பியரையே இழுத்துக்கொண்டிருக்கும், அதனால் வோல்ட் இன்னும் இறங்கும். புதைமணலில் லொறி மாதிரி.

இரண்டாவது சோதனைக்காகத்தான் நான் காத்திருந்தேன். சவுண்ட் செட்டின் பிளக்கையே கழற்றி அண்ணன் கையில் கொடுத்தேன், எல்லோரும் பார்க்கும்படி. பொயிலர் ஓடட்டும். சுவிட்ச். ட்ரிப்.

யாரும் பேசவில்லை. கொமிட்டிப் பொருளாளர் மட்டும், "வயரு லூஸா இருக்கும், இன்னொருக்கா போடுங்க" என்றார். போட்டோம். ட்ரிப்.

மூன்றாவது, செட் முழுச் சத்தத்தில், லைட் அத்தனையும், பொயிலர் மட்டும் இல்லை. மோட்டரைப் போட்டதும் லைட் ஒரு தடவை கண் சிமிட்டியது, பாட்டு ஒரு நொடி தொண்டை அடைத்தது, பிறகு மோட்டர் வேகம் பிடித்தது. ஓடியது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1,940ம் 3,500ம் சேர்ந்தால் 5,440. 4,350ஐவிட அதிகம்தானே, எப்படி ஓடியது என்று ஸ்டோரில் என்னோடு வேலை செய்யும் தம்பி பிறகு கேட்டான். நியாயமான கேள்வி. இன்ஜினின் கனத்த சக்கரமான ஃப்ளைவீல் சுழற்சியில் கொஞ்சம் சக்தி சேர்ந்திருக்கும். ஒரு விநாடி தாக்கத்துக்கு அது தோள் கொடுக்கும். வோல்ட் கொஞ்சம் இறங்கும்போது மற்றச் சுமைகளும் கொஞ்சம் குறைவாக இழுக்கும். அந்த ஒரு விநாடிக்குள் மோட்டர் வேகம் பிடித்துவிட்டால் தப்பித்தோம். ஏற்கெனவே விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினுக்குக் கொடுக்கத் தோள் இருக்காது.

நாலாவதாக மோட்டரை மட்டும் தனியே போட்டோம். லைட் இல்லாததால் சிமிட்டுவதற்கும் ஒன்றுமில்லை. உடனே சுற்றியது.

செட்டை நிறுத்தினாலும் விழுகிறது, செட் இருந்தாலும் பொயிலர் இல்லாவிட்டால் விழவில்லை. ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில், அந்த டிக்குக்குக் கீழேயே இதை எழுதிக் கொடுத்தேன்.

கொமிட்டியின் பழைய கணக்கில் எனக்குப் பிடித்த விசயம் ஒன்று உண்டு. செட்டை ஏழு மடங்கு கூட்டி எழுதினார்கள், ஜெனரேட்டரை ஒன்றரை மடங்குக்கு மேல் கூட்டி எழுதினார்கள், லைட்டைக் குறைத்து எழுதினார்கள், பொயிலரையும் மோட்டரையும் எழுதவே இல்லை. இந்தப் பிழைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டதால்தான் முந்தைய வருஷங்களில் எல்லாம் நன்றாக ஓடியிருக்கிறது. அந்த வருஷங்களில் தேத்தண்ணி விறகடுப்பில் கொதித்தது.

பணம்

"அப்ப தப்பு யாரு மேல?" என்றார் தலைவர். அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. பொயிலர் நன்கொடையாக வந்தது, கொடுத்தவர் பக்கத்தில் நிற்கிறார். மோட்டர் கொமிட்டி வாங்கியது. ஜெனரேட்டர்க்காரரோ கீழ்நாட்டில் இருக்கிறார். எல்லோரும் கொஞ்ச நேரம் பீலிக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொருளாளர் பாதிப் பணத்தை அப்போதே எண்ணிக் கொடுத்தார். மீதி, அடுத்த சம்பளத்துக்குப் பிறகு போய்ச் சேர்ந்ததாக அண்ணன் சொன்னார். மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் அவர் இலைக்கு இரண்டு தடவை பாயசம் வந்தது.

இந்த வருஷம் அதே ஜெனரேட்டர்தான் வந்தது. தண்ணீரைப் பின்னேரம் நாலு மணிக்கே, லைட் போடுவதற்கு முன்னால், தாங்கியில் ஏற்றி நிரப்பிவிட்டார்கள். தேத்தண்ணி பழையபடி விறகில். 16 டியூபையும் 18 வொட் எல்.ஈ.டி.க்கு மாற்றினோம், அதில் மட்டும் 770 இருந்தது 288 ஆனது. செட்டோடு சேர்த்து மொத்தச் சுமை 1,500க்கும் கீழே. போன வருஷம் ஆறரை மணிநேரத்துக்கு 11 லீற்றர் பெற்றோல் குடித்த இயந்திரம் இந்த வருஷம் 8 லீற்றரோடு நிறுத்திக்கொண்டது.

சவுண்ட் அண்ணனையே மறுபடியும் கூப்பிட்டிருந்தார்கள். அவருடைய வேனின் பக்கத்தில் சிவப்புப் பெயின்டில் 5000 வொட்ஸ் என்று இன்னும் இருந்தது. அண்மையில் புதுப்பித்த மாதிரி பளபளத்தது.

"அண்ணே, அளந்து காட்டினோமே, 720 தானே?" என்றேன்.

"தெரியும் தம்பி. 720னு எழுதினா எந்தத் தோட்டத்துல கூப்புடுவான்?" என்று சொல்லிவிட்டு வயரைச் சுருட்டப் போனார்.